தூதர் அரசியலுக்கு வந்தால் என்ன மாறுகிறது? ஃபாத்தின் ருஷ்து ஸோர்லுவின் வாழ்வை வைத்து ஓர் எளிய விளக்கம்

துருக்கியின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஃபாத்தின் ருஷ்து ஸோர்லுவைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்பட்டதில்லை. பேச்சுவாக்கில் அவர் பெயர் வரும்போது, ‘சைப்ரஸ் விவகாரத்தில் தூக்கிலிடப்பட்ட துருக்கியத் தூதர்’ என்ற ஒற்றை வரியோடு கதை முடிந்துவிடுகிறது. அந்த வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. தூக்கிலிடப்பட்டபோது அவர் தூதராக இருக்கவில்லை. தூதர் பணியை விட்டு ஏழாண்டுகள் ஆகியிருந்தன. மரண தண்டனைக்கான குற்றச்சாட்டும் சைப்ரஸ் பற்றியது அன்று.

தூதர் என்பவர் யார், அமைச்சர் என்பவர் யார், ஒருவர் முதல் பணியிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது அவருடைய பொறுப்பு எப்படி மாறுகிறது என்பவை தெளிவாக இல்லாததால்தான் இந்த இரண்டு பிழைகளும் நேர்கின்றன. வெளிநாட்டு அரசியலைப் புதிதாகப் படிக்கத் தொடங்குவோர் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்ற பல செய்திகளும் தாமாகவே விளங்கும். அதற்கு ஸோர்லுவின் வாழ்க்கையை விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

தூதர் யாருடைய குரல்?

வழக்கறிஞரை நினைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடுபவர் அவர்தான். எந்தச் சொல்லை எப்போது சொல்வது, எதிர்த்தரப்பின் வாதத்தை எங்கே மடக்குவது என்பதெல்லாம் அவருடைய திறமை. ஆனால் சமரசத்துக்கு ஒப்புக்கொள்வதா, வழக்கைத் தொடர்வதா என்று முடிவெடுப்பவர் அவரை அமர்த்திய கட்சிக்காரர். தோற்றால் நிலத்தை இழப்பவரும் அவரே. வழக்கறிஞர் மறுநாள் வேறொரு வழக்குக்குப் போய்விடுவார்.

தொழில்முறைத் தூதரின் நிலையும் ஏறத்தாழ இதுதான். தேர்வு எழுதியோ வேறு முறைப்படியோ வெளியுறவுத் துறையில் சேர்ந்து, படிப்படியாகப் பதவி உயர்ந்து, எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்த அரசுக்காக வெளிநாட்டில் பேசும் அரசு ஊழியரையே தொழில்முறைத் தூதர் என்கிறோம். பேச்சு மேசையில் அவர் சொல்வது எதுவும் அவருடைய சொந்தக் கருத்தாகக் கொள்ளப்படுவதில்லை. தலைநகரிலிருந்து அவருக்கு எழுத்தில் வரும் கட்டளைக்கு ‘அறிவுறுத்தல்’ என்று பெயர். எதை வலியுறுத்த வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம், எந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுத் தலைநகரைக் கேட்க வேண்டும் என்பவை அதில் இருக்கும்.

நல்ல தூதர் அந்த அறிவுறுத்தலை உருவாக்குவதிலும் பங்கு பெறுகிறார் என்பது உண்மை. அவர் அனுப்பும் அறிக்கைகளைப் படித்துத்தான் தலைநகர் முடிவெடுக்கிறது. இருந்தாலும் நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொல்லும் கடமையோ, தேர்தலில் மக்கள்முன் நிற்கும் கடமையோ அவருக்கு இல்லை. அந்தக் கடமைகள் அமைச்சருடையவை.

இருபது ஆண்டுகள் அரசு ஊழியராக

ஸோர்லு 1910-இல் இஸ்தான்புல்லில் பிறந்தார். ஒட்டோமான் காலத்திலிருந்தே பிரெஞ்சு வழிக் கல்விக்குப் பெயர்பெற்ற கலாத்தாசராய் பள்ளியில் படித்தார். பாரிஸில் அரசியல் அறிவியலும் ஜெனீவாவில் சட்டமும் பயின்றார். 1930-களின் தொடக்கத்தில் வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்தார். துருக்கிக் குடியரசை நிறுவிய அட்டாதுர்க்கின் காலத்தில் நெடுங்காலம் வெளியுறவு அமைச்சராக இருந்த தெவ்ஃபிக் ருஷ்து அராஸின் மகள் எமெலை மணந்தார். குடும்பம், படிப்பு, மொழி மூன்றும் அவரை அன்றைய துருக்கியின் மேல்தட்டு அதிகார வர்க்கத்தில் உறுதியாக அமர்த்தின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் பெயர் பெற்றது பொருளாதாரத் துறையில். போருக்குப் பின் ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா அளித்த மார்ஷல் திட்ட உதவியைப் பெறுவது, அதைப் பங்கிடுவது தொடர்பான பன்னாட்டுப் பேச்சுகளில் அவர் முன்னணியில் இருந்தார். 1952-இல் துருக்கி மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டணியான நேட்டோ அமைப்பில் சேர்ந்தபோது, அங்கே துருக்கியின் நிரந்தரப் பிரதிநிதியாக அவரே அனுப்பப்பட்டார். பல நாடுகள் சேர்ந்த ஓர் அமைப்பில் தம் நாட்டின் சார்பில் தொடர்ந்து அமர்ந்திருக்கும் தூதரே நிரந்தரப் பிரதிநிதி.

நேட்டோ துருக்கிக்கு ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னர் வருவதற்கு அது அடிப்படை. 1945-இல் சோவியத் ஒன்றியம் துருக்கியின் கிழக்கிலுள்ள கார்ஸ், அர்தஹான் பகுதிகளைக் கேட்டது. கருங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் நீரிணைகளிலும் பங்கு கேட்டது. ஸ்டாலின் இறந்த பிறகு 1953-இல்தான் அந்தக் கோரிக்கைகள் கைவிடப்பட்டன. அந்த எட்டாண்டு அச்சத்தில் உருவான தலைமுறையைச் சேர்ந்தவர் ஸோர்லு. மேற்குக் கூட்டணியை அவர் உயிர்காப்பாகவே கருதினார்.

சுருக்கமாக: 1954 வரை ஸோர்லு ஓர் அரசு ஊழியர். அவர் திறமையோடு பேசினார்; முடிவுகளுக்கான அரசியல் பொறுப்பு தலைநகர் அங்காராவிலிருந்த அமைச்சர்களிடம் இருந்தது.

1954: கோட்டைத் தாண்டுதல்

1950-இல் ஆட்சிக்கு வந்த ஜனநாயகக் கட்சியின் தலைவரும் பிரதமருமான அட்னான் மெண்டெரஸ், ஸோர்லுவைத் தம் பக்கம் அழைத்துக்கொண்டார். 1954 மே மாதத் தேர்தலில் சானக்கலே மாகாணத்திலிருந்து ஸோர்லு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விரைவிலேயே அமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் ஆனார்.

அறிவு, அனுபவம், தொடர்புகள் எல்லாம் பழையவையே. மாறியது பொறுப்பின் இடம். அமைச்சரவை எடுக்கும் எந்த முடிவுக்கும், அது தம் துறையைச் சேர்ந்ததாக இல்லாவிட்டாலும், எல்லா அமைச்சர்களும் சேர்ந்தே பொறுப்பு என்பது நாடாளுமன்ற ஆட்சியின் விதி. இதைக் கூட்டுப் பொறுப்பு என்பார்கள். தூதராக இருந்தவர் ‘அது என் துறை இல்லை’ என்று சொல்ல முடியும். அமைச்சரால் பதவி விலகாமல் அப்படிச் சொல்ல முடியாது. ஸோர்லுவுக்கு நேர்ந்த முடிவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்வது போதும்.

இன்னொரு மாற்றமும் உண்டு. ஸோர்லு கூர்மையாகவும் சில நேரங்களில் எதிராளியைப் புண்படுத்தும் அளவுக்கும் பேசுபவர் என்று பெயர் பெற்றிருந்தார். மூடிய அறையில் அந்தக் கூர்மை பயன்படும். கட்சிக்குள், நூற்றுக்கணக்கான உறுப்பினர்களுக்கு நடுவில், அது பகையைச் சேர்க்கும்.

பாண்டுங்கில் நேருவுக்கு எதிரே

அமைச்சராக அவர் உலகின் கண்ணில் பட்ட முதல் பெரிய மேடை, 1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆப்பிரிக்க மாநாடு. துருக்கியக் குழுவுக்கு அவர் தலைவர். எந்த வல்லரசின் கூட்டணியிலும் சேராமல் இருப்பதே புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு நல்லது என்று நேரு வாதிட்டார். இராணுவக் கூட்டணிகளைக் கடுமையாகச் சாடினார். நேட்டோவில் சேர்ந்து மூன்றாண்டுகளே ஆன துருக்கியின் சார்பில் ஸோர்லு நேர்மாறாகப் பேசினார். தனித்து நிற்கும் சிறிய நாடு விழுங்கப்படும், கூட்டாகப் பாதுகாத்துக்கொள்வதே வழி என்பது அவர் வாதம்.

இலங்கைப் பிரதமர் சர் ஜோன் கொத்தலாவல, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஒன்றியம் நடத்துவதும் காலனி ஆதிக்கம்தானே என்று கேள்வி எழுப்பி மாநாட்டைக் கலக்கியதும் அங்கேதான். நேருவுக்கு அதில் கடுங்கோபம். துருக்கி கொத்தலாவலவின் பக்கம் நின்ற நாடுகளில் ஒன்று. இறுதி அறிக்கையில் இரு தரப்பும் தமக்கு வேண்டியதைப் பெற்றன: ஐக்கிய நாடுகள் சாசனத்துக்கு உட்பட்டுத் தனியாகவோ கூட்டாகவோ தற்காத்துக்கொள்ளும் உரிமை ஏற்கப்பட்டது, அந்தக் கூட்டுப் பாதுகாப்பு வல்லரசுகளின் தனி நலனுக்குப் பயன்படக் கூடாது என்ற வரியும் சேர்ந்தது.

இந்திய வரலாற்றைப் படித்து வளர்ந்த நமக்குப் பாண்டுங் என்றால் நேருவின் பார்வையே உண்மைக் கதையாகத் தெரியும். அங்காராவில் நின்று பார்த்தால் அதே மாநாடு வேறொன்றாகத் தெரிகிறது. ஸோர்லு மேற்கின் கைப்பாவையாகப் பேசினார் என்று தள்ளிவிடுவது, 1945-இன் அச்சத்தைக் கணக்கில் எடுக்காத அவசரத் தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன்.

சைப்ரஸ்: அமைச்சரின் உண்மையான சோதனை

துருக்கியின் தென்கரையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சைப்ரஸ், 1878 முதல் பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்தது. மக்களில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் கிரேக்க மொழி பேசுவோர். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் துருக்கிய மொழி பேசுவோர். தீவை கிரீஸோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை எனோசிஸ் எனப்பட்டது. அதற்காக எயோகா என்ற ஆயுதக் குழு 1955 ஏப்ரலில் தாக்குதல்களைத் தொடங்கியது.

அந்த ஆண்டு ஆகஸ்டு இறுதியில் பிரிட்டன், கிரீஸ், துருக்கி மூன்றும் லண்டனில் கூடின. துருக்கியின் சார்பில் சென்றவர் ஸோர்லு. மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே, கிரீஸின் தெஸ்ஸலோனிக்கி நகரில் அட்டாதுர்க் பிறந்த வீட்டில் குண்டு வெடித்தது என்ற செய்தி செப்டம்பர் 6 அன்று இஸ்தான்புல்லில் பரவியது. மாலைப் பத்திரிகை ஒன்று அதைப் பெரிதாக்கிப் பரப்பியது. அன்றிரவு கும்பல்கள் கிரேக்கர்களின் கடைகளையும் வீடுகளையும் தேவாலயங்களையும் சூறையாடின. ஆர்மேனியர்களும் யூதர்களும் தப்பவில்லை. நூற்றாண்டுகளாக அந்த நகரில் வாழ்ந்த கிரேக்கச் சமூகம் அந்த இரவுக்குப் பிறகு மீளவே இல்லை; ஆண்டுக்கு ஆண்டு வெளியேறிக் கரைந்தது. வன்முறையில் அரசின் கை எவ்வளவு இருந்தது என்பதும், லண்டனிலிருந்து ஸோர்லு அனுப்பிய ஒரு தந்தியின் பொருள் என்ன என்பதும் பின்னர் நீதிமன்றத்தில் கேள்வியாயின.

அதே ஆண்டு நவம்பரில் ஆளுங்கட்சியின் நாடாளுமன்றக் குழுவே அமைச்சரவைக்கு எதிராகக் கிளர்ந்தது. ஊழல் புகார்களும் பொருளாதார நெருக்கடியும் பேசப்பட்ட அந்தக் கூட்டத்தின் முடிவில் ஸோர்லு பதவி விலக நேர்ந்தது. எந்தத் தூதருக்கும் சொந்தக் கட்சியினர் இப்படி ஒரே நாளில் பதவி பறிப்பதில்லை.

1957 நவம்பரில் அவர் முழு வெளியுறவு அமைச்சராகத் திரும்பினார். அப்போது துருக்கியத் தெருக்களில் ஒலித்த முழக்கம், தீவை இரண்டாகப் பிரி, இல்லையேல் சாவோம் என்பது. அந்த முழக்கத்தை வளர்த்ததில் அரசுக்கும் பங்குண்டு. ஆனால் 1958 டிசம்பரில், நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் மோதிக்கொண்ட உடனேயே, ஸோர்லுவும் கிரேக்க வெளியுறவு அமைச்சர் எவங்கெலோஸ் அவெரோஃபும் நேரில் பேசத் தொடங்கினார்கள். இணைப்பும் வேண்டாம், பிரிவினையும் வேண்டாம், தனி நாடாகட்டும் என்ற திசையில் பேச்சு நகர்ந்தது. 1959 பிப்ரவரியில் சூரிச்சில் இரு நாட்டுப் பிரதமர்களும் உடன்பட்டார்கள். பிப்ரவரி 19 அன்று லண்டனில் கையெழுத்தானது. இரண்டு நாள் முன்பு கேட்விக் விமான நிலையம் அருகே விமானம் விழுந்து உயிர் தப்பிய மெண்டெரஸ், மருத்துவமனையில் இருந்தபடியே கையெழுத்திட்டார்.

பேச்சு மேசையில் ஸோர்லுவின் பழைய பயிற்சி அவருக்குக் கைகொடுத்தது. ஊருக்குத் திரும்பியதும் அவர் செய்ய வேண்டியிருந்த வேலைக்கு அந்தப் பயிற்சி போதாது. பிரிவினையே வேண்டும் என்று முழங்கிய மக்களிடம், அதைவிடக் குறைந்த ஒன்றைத் தாம் ஏன் ஏற்றோம் என்று விளக்க வேண்டும். எதிர்க்கட்சியின் கண்டனத்துக்கு நடுவே நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். 1959 மார்ச்சில் அந்த ஒப்புதல் கிடைத்தது.

உத்தரவாத நாடு என்றால் என்ன?

அந்த உடன்பாட்டின் மையத்தில் இருப்பதும், இன்றுவரை அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் உத்தரவாத உடன்படிக்கை. ஒரு நாட்டின் சுதந்திரத்தையும் அரசமைப்பையும் காப்பதாக வெளிநாடு ஒன்று சட்டப்படி உறுதியளித்தால் அது உத்தரவாத நாடு. சைப்ரஸுக்கு பிரிட்டன், கிரீஸ், துருக்கி ஆகிய மூன்றும் உத்தரவாத நாடுகள்.

உடன்படிக்கையின் முதல் பிரிவில் சைப்ரஸ் எந்த நாட்டோடும் சேராது, பிளவுபடாது என்று உறுதி கூறுகிறது. நான்காம் பிரிவுதான் சிக்கலின் முடிச்சு. உடன்படிக்கை மீறப்பட்டால் மூன்று நாடுகளும் முதலில் கலந்துபேச வேண்டும். சேர்ந்து செயல்பட முடியாவிட்டால், உடன்படிக்கை உருவாக்கிய நிலையை மீட்டெடுப்பதை மட்டுமே நோக்கமாகக் கொண்டு, ஒவ்வொரு நாடும் தனியே நடவடிக்கை எடுக்கும் உரிமையை வைத்துக்கொள்கிறது. ‘நடவடிக்கை’ படையெடுப்பையும் உள்ளடக்குமா என்று பிரிவு சொல்லவில்லை. 1974 ஜூலை 15-இல் கிரேக்க இராணுவ ஆட்சியின் துணையோடு சைப்ரஸில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்து நாள் கழித்து இந்தப் பிரிவைக் காட்டியே துருக்கி படைகளை இறக்கியது. ஆனால் பழைய அரசமைப்பு மீட்கப்படவில்லை; தீவு பிளவுபட்டே கிடக்கிறது. ‘மட்டுமே’ என்ற நிபந்தனையை அதோடு எப்படிப் பொருத்துவது என்ற கேள்விக்குத் துருக்கியிடம் நிறைவான பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். குடியரசுத் தலைவர் கிரேக்கர், துணைத் தலைவர் துருக்கியர். நாடாளுமன்ற இடங்கள் எழுபதுக்கு முப்பது என்ற விகிதத்தில். கிரீஸ் 950 வீரர்களையும் துருக்கி 650 வீரர்களையும் தீவில் வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனுக்கு இரண்டு இராணுவத் தளங்கள்.

இதுவரை பார்த்தது: 1955-இல் ஸோர்லு லண்டனில் பேசித் தோற்றார், 1959-இல் பேசி வென்றார். இரண்டிலும் அவர் அமைச்சர். இரண்டின் விளைவும் அவர் கணக்கில்தான் எழுதப்பட்டது.

யாஸ்ஸியாடா: எதற்காக மரண தண்டனை?

1960-இல் அரசு எதிர்க்கட்சியையும் பத்திரிகைகளையும் விசாரிக்க ஒரு நாடாளுமன்ற விசாரணைக் குழுவை அமைத்து, அதற்கு நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்களைக் கொடுத்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். மே 27 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அன்று வானொலியில் வாசிக்கப்பட்ட முதல் அறிவிப்பிலேயே, நேட்டோவுக்கும், மேற்கு ஆசியாவில் மேற்கு நாடுகளின் ஆதரவோடு அமைந்த சென்டோ என்ற பாதுகாப்புக் கூட்டணிக்கும் உண்மையாக இருப்போம் என்று இராணுவம் சொன்னது. ஸோர்லுவின் வெளியுறவுக் கொள்கை அப்படியே தொடரும் என்பதே அதன் பொருள்.

இன்னும் தெளிவான சான்று வேண்டுமானால், புதிய வெளியுறவு அமைச்சராக வந்தவரைப் பாருங்கள். செலிம் சார்பெர் என்ற அவர், ஐக்கிய நாடுகள் சபையிலும் நேட்டோவிலும் துருக்கியின் பிரதிநிதியாக இருந்த தொழில்முறைத் தூதர். ஸோர்லுவின் கொள்கையை ஸோர்லுவின் கீழ் நிறைவேற்றியவர். அவர் அமைச்சரானார், ஸோர்லு மர்மரா கடலிலுள்ள யாஸ்ஸியாடா தீவில் கைதியானார். 1960 ஆகஸ்டு 16 அன்று சைப்ரஸ் விடுதலை பெற்று உத்தரவாத உடன்படிக்கை நடப்புக்கு வந்தபோது, அதை உருவாக்கியவர் காவலில் இருந்தார்.

யாஸ்ஸியாடாவில் தனியாக அமைக்கப்பட்ட நீதிமன்றம் ஏறத்தாழ 600 பேரை விசாரித்தது. 1955 செப்டம்பர் வன்முறை வழக்கில் மெண்டெரஸுக்கும் ஸோர்லுவுக்கும் சிறைத் தண்டனையே விதிக்கப்பட்டது. மரண தண்டனை வந்தது அரசமைப்பை மீறியதாகத் தொடரப்பட்ட வழக்கில், தண்டனைச் சட்டத்தின் 146-ஆம் பிரிவின் கீழ். விசாரணைக் குழு போன்ற உள்நாட்டு நடவடிக்கைகளே அந்த வழக்கின் அடிப்படை. ஸோர்லு வெளியுறவைக் கவனித்தவர். ஆனால் அந்த அமைச்சரவையில் இருந்தவர். கூட்டுப் பொறுப்பு என்ற விதி, ஆட்சியைக் கைப்பற்றியவர்களே அமைத்த நீதிமன்றத்தின் கையில், அரசியல் விதி என்ற நிலையைத் தாண்டிக் கொலைத் தண்டனைக்கான வழியாயிற்று.

பதினைந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. வயது கருதி முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெலால் பயாரின் தண்டனை குறைக்கப்பட்டது. மேலும் பதினொருவர் தப்பினார்கள். ஸோர்லுவும் நிதியமைச்சர் ஹசன் பொலாட்கானும் 1961 செப்டம்பர் 16 அன்று இம்ராலி தீவில் தூக்கிலிடப்பட்டார்கள், மறுநாள் மெண்டெரஸ். ஸோர்லுவுக்கு வயது 51. தேர்தலில் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டிய ஓர் அரசைத் தூக்குமேடைக்கு அனுப்பியதை நியாயப்படுத்த எந்த வாதமும் போதாது. அந்த அரசு செய்த தவறுகள் சிறியவை என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை.

பின்னர் நடந்தவை

1990-இல் துருக்கி நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மூவரின் நற்பெயரை மீட்டது. செப்டம்பர் 17 அன்று அவர்களுடைய உடல் எச்சங்கள் அரசு மரியாதையோடு இஸ்தான்புல்லில் கட்டப்பட்ட நினைவிடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. 2020-இல் யாஸ்ஸியாடா நீதிமன்றத்தின் சட்ட அடிப்படையையே நாடாளுமன்றம் நீக்கியது.

துருக்கியத் தூதர்கள் அரசியலுக்கு வருவதும் நிற்கவில்லை. 2002-இல் வெளியுறவு அமைச்சரான யாஷார் யாகிஷ் தொழில்முறைத் தூதர். 1972-இல் வெளியுறவுத் துறையில் சேர்ந்த வோல்கன் போஸ்கிர், 2011-இல் நாடாளுமன்ற உறுப்பினராகி, ஐரோப்பிய ஒன்றிய விவகார அமைச்சராக இருந்து, 2020-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தலைவரானார். ஷுக்ரு எலெக்தா, ஓனுர் ஓய்மென் போன்ற தூதர்கள் எதிர்க்கட்சியின் பக்கம் சென்றார்கள். இவர்களில் எவரைப் பற்றிப் படித்தாலும், ஒரு செயல் நடந்த ஆண்டில் அவர் அறிவுறுத்தல் பெறும் இடத்தில் இருந்தாரா, கொடுக்கும் இடத்தில் இருந்தாரா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸோர்லு விட்டுச்சென்ற உத்தரவாத உடன்படிக்கையோ இன்னும் பேச்சு மேசையில் இருக்கிறது. 2017 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ் மொன்டானாவில் சைப்ரஸ் பேச்சுகள் முறிந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, உத்தரவாத நாடுகளின் உரிமையும் படைகளும் தொடர வேண்டுமா என்ற கேள்வி.